தலைப்பு தவறு, உள்ளே பார்க்கவும்

நடந்தவை, வரிசையாக:

1. மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் இறந்துபோனார். வயது எழுபத்தொன்று. நடக்கும்போது அல்ல, பல் விளக்கிக்கொண்டிருந்தபோது.

2. தகவல் வந்தபோது நான் பெரம்பலூருக்கு வெளியே ஒரு மனைப்பிரிவை அளந்துகொண்டிருந்தேன். கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அரியலூர் பஸ் ஏறினேன்.

3. பத்தாம் நாள் அவருடைய மகன் போன் செய்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்கு அப்பாவின் புத்தகத்தை மறுபடி அச்சடித்துக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். கோப்பு என் லேப்டாப்பில்தான் இருந்தது.

4. "முன்னாடி இருக்குற புக்கு மட்டும் போதுங்க. பின்னாடி பதினாலு பக்கம் இருக்கே, அது வேணாம்" என்றார்.

5. அனுப்புவதற்கு முன்னால் முழுவதையும் மறுபடி ஒருமுறை வாசித்தேன். முன்பகுதியையும், அந்தப் பதினான்கு பக்கங்களையும்.

6. அனுப்பவில்லை.

புத்தகத்தின் பெயர் 'இருபத்தைந்து நிமிடத்துக்குள்'. அவர் நடைப் போட்டிக்காரர். ஓட்டப் போட்டி எல்லோருக்கும் தெரியும். நடைப் போட்டியைப் பார்த்தவர்கள் குறைவு, பார்த்துச் சிரிக்காதவர்கள் அதிலும் குறைவு. விதி இரண்டுதான். எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்வைத்த கால் முட்டி மடங்காமல் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் காப்பாற்றிக்கொண்டு வேகமாகப் போனால் இடுப்பு இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி ஆடும். அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சி போகும் சாலையில் முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக அந்த இடுப்பு விடிகாலையில் ஆடிக்கொண்டு போயிருக்கிறது.

சிமெண்ட் லாரிக்காரர்கள் அவரைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டுவார்கள்.

"பெருசு, கக்கூசு அந்தப் பக்கம்!"

"பாத்துட்டுதான்யா வரேன், ஆளு இருக்கு!" என்று நிற்காமலே பதில் சொல்வார்.

அவர் சாலைப் பணியாளர். குழி அடைப்பது, ஓரத்துச் செடி வெட்டுவது, கிலோமீட்டர் கல்லுக்கு வெள்ளை அடித்து எண் எழுதுவது எல்லாம் அவருடைய வேலைகள். முப்பத்துமூன்றாவது வயதில் ஊழியர்களுக்கான விளையாட்டு விழாவுக்குப் பேர் கொடுக்கப் போனார். ஓட்டத்துக்கெல்லாம் ஆள் நிறைந்துவிட்டது, நடைதான் பாக்கி என்றார்களாம். "சரி, நாள் முழுக்க அதத்தான பண்றோம்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்" என்று புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அன்று அவருக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை.

அவருக்கு ஒரு வாசகம் உண்டு. "சின்னத் திருத்தங்க."

என் போன் காலை ஆறு மணிக்கு அடித்தால் அவராகத்தான் இருக்கும். "இன்ஜினியரம்மா, எழுப்பிட்டேனா? ஒரு சின்னத் திருத்தங்க. நேத்து உங்க ஆபீசுல ஏழு இட்லி தின்ன கதைய சொன்னேன்ல. ஆறு. ஏழாவத பக்கத்து எலைக்காரரு எடுத்துக்கிட்டாரு. ராத்திரி படுத்தப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு."

"பரவால்லைங்க ஐயா."

"உங்களுக்குப் பரவால்ல. கூட இருந்தாரே அக்கவுண்டன்டு, அவருகிட்டயும் சொல்லிடுங்க."

நான் சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்டால் அடுத்த சனிக்கிழமை வந்து, அவரே அக்கவுண்டன்டின் மேசைக்குப் போய்ச் சொல்வார். ஒருமுறை டீக்கடையில் நான்கு பேரிடம் சொன்ன ஒரு கதையைத் திருத்துவதற்காக மறுநாள் அந்த நான்கு பேரையும் தேடிப் போயிருக்கிறார். மூன்று பேர் கிடைத்தார்கள். நான்காவது ஆள் உடையார்பாளையத்துக்குப் பெண் வீட்டுக்குப் போயிருந்தார். அந்த ஆள் திரும்பி வந்ததும் திருத்தத்தைச் சொல்லும்படி டீக்கடைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார்.

பள்ளிக்கூடம் ஒன்றின் விளையாட்டு விழாவுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். என்னையும் அழைத்துப் போனார். மைக்கில் ஒருவர், "தமிழகத்தின் தலைசிறந்த நடைப் போட்டி வீரர், எத்தனையோ முதல் பரிசுகளை வென்றவர்" என்று ஆரம்பித்தார். இவர் எழுந்து போய் மைக்கை வாங்கினார். "சின்னத் திருத்தங்க. மொதப் பரிசு எப்பவும் வாங்கல. மாவட்டத்துல ரெண்டாவது வந்தேன். அன்னிக்கி நடந்ததே மூணு பேரு. மூணாவது ஆளுக்குக் காச்சல்." பிள்ளைகள் அன்று வேறு யாருக்கும் அவ்வளவு கை தட்டவில்லை.

இப்படிப்பட்டவர் எழுதிய புத்தகத்தின் முதல் பகுதியில் பதினோரு சாக்குகள் இருக்கின்றன. முதல் வாசிப்பில் எனக்கு இது புரியவில்லை.

அவருடைய கணக்கு இதுதான். கல்லங்குறிச்சி சாலையில், அரியலூரில் சாலை பிரியும் இடத்திலிருந்து ஐந்தாம் கல் வரை நடப்பார். ஐந்து கிலோமீட்டர். நாற்பதாவது வயதில் ஒரு மார்கழிக் காலையில் அந்தத் தூரத்தை இருபத்து நான்கு நிமிடம் பத்து விநாடியில் முடித்தார். அதுதான் புத்தகத்தின் தலைப்பு, அதுதான் முக்கியமான அத்தியாயம். ஆனால் போட்டிக்கு என்று ஊர் ஊராகப் போய் மைதானத்தில் வட்டம் சுற்றி நடந்தபோது ஒருமுறைகூட இருபத்தைந்து நிமிடத்துக்குள் அவரால் வர முடியவில்லை. சாலையில் வந்தது மைதானத்தில் ஏன் வரவில்லை? ஒவ்வொரு ஊருக்கும் ஒரு காரணம் எழுதியிருந்தார். ஒரு ஊரில் செருப்பு. ஒரு ஊரில் வெயில். ஒரு ஊரில் முந்தின நாள் சாப்பிட்ட புரோட்டா. ஒரு ஊரில் நடுவருக்கு அவர்மேல் கோபம். ஆக மொத்தம் பதினொன்று.

அவர் பொய் சொல்லவில்லை. கல் சரியென்றால், வேறு எதுவோ தவறாகத்தானே இருக்க வேண்டும்? தர்க்கம் சரி. தரவுதான் தவறு.

தவறு என்று கண்டுபிடித்தது நான்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு அந்தச் சாலையை அகலப்படுத்துவதற்காக அளக்கும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. நான் படித்தது சிவில். பெரம்பலூரில் ஒரு தனியார் அளவை நிறுவனத்தில் வேலை. மூன்றாம் நாள் காலை ஸ்டாண்டில் கருவியை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்வைக்குள் ஒரு இடுப்பு ஆடிக்கொண்டு வந்து நின்றது.

"இன்ஜினியரம்மா, ஒரு சந்தேகம் கேக்கலாமா?"

"சொல்லுங்க ஐயா."

"இந்த மிஷின்ல அஞ்சாங்கல்லு கரெக்டா அஞ்சு காட்டுதா?"

அதைப் பெருமைக்காகத்தான் கேட்டார். காட்டும் என்று தெரிந்தே கேட்டார். நான் முந்தின நாளே அந்த இடத்தைக் கடந்துவிட்டிருந்தேன், எண் நோட்டில் இருந்தது. எடுத்துச் சொன்னேன். "நாலு கிலோமீட்டர் எண்ணூத்து இருபது வருதுங்க. நூத்தியெண்பது மீட்டர் முன்னாடியே நிக்கிது. உண்மையான அஞ்சு அந்தப் பாலத்துக்கிட்ட வரும்."

அவர் பாலத்தைப் பார்த்தார். புளியமரத்தடியில் நிற்கும் கல்லைப் பார்த்தார். நான் சரியாகச் சொல்லவில்லையோ என்று நினைத்து மறுபடி சொன்னேன். அவர் கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அவர் வழியில் உட்கார்ந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை என்று எனக்கு அளவுகோல் பிடித்துக்கொண்டிருந்த உள்ளூர் அண்ணன் பிறகு சொன்னார்.

"மறுபடி அளக்க முடியுங்களா?"

"மிஷின் தப்பாகாதுங்க ஐயா."

"மிஷினச் சொல்லல. எனக்குப் பாக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேரும் முப்பது மீட்டர் டேப்பை வைத்துக்கொண்டு சாலை பிரியும் இடத்திலிருந்து கல்வரை அளந்தோம். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. ஒவ்வொரு முப்பதுக்கும் சாக்பீஸில் கோடு. போகிற லாரிகளின் புழுதி எங்கள் இருவரையும் வெளுப்பாக்கியது. முடிவில் என் எண்ணுக்கும் டேப்புக்கும் ஒரு முழம்கூட வித்தியாசம் இல்லை. போனில் கணக்குப் போட்டேன். அதே வேகத்தில் முழு ஐந்து கிலோமீட்டரும் நடந்திருந்தால் இருபத்தைந்து நிமிடம் நான்கு விநாடி.

"நாலு செகண்டு" என்றார்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. அவருடைய புத்தகம் ஒன்று இருக்கிறது என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன், தலைப்பும் தெரியும்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் போட்டு. "செருப்பு நல்ல செருப்புங்க இன்ஜினியரம்மா! அந்த நடுவரு பாவம், எவ்ளோ திட்டி எழுதிட்டேன்! பதினோரு ஊர்ல பதினோரு காரணம். எல்லாத்தையும் எடுத்துடலாம். ஒண்ணும் நடக்கல. நான் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் நடந்திருக்கேன்!"

எனக்கு அன்று அவரைப் பிடித்துப்போனது. தன் சாதனை போய்விட்டது என்று அவருக்குப் பட்டதாகவே தெரியவில்லை. தன் கணக்கு நேராகிவிட்டது என்றுதான் பட்டது.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் பெரம்பலூர் வந்தார். பாலக்கரையில் இறங்கி, ஆட்டோக்காரர்கள் கூப்பிடக் கூப்பிட, எங்கள் ஆபீஸ் வரை நடந்து வருவார். பழைய புத்தகத்தின் கோப்பை என்னிடம் கொடுத்திருந்தார்; அவர் சொல்லச் சொல்ல நான் அதில் தட்டச்சு செய்வேன். முதல் பகுதியிலேயே தவறுகளை மாற்றிவிடலாமே என்று கேட்டேன்.

"கூடாதுங்க. ரோட்டுல ஒட்டுப் போட்டா ஒட்டுப் போட்டது தெரியணும். அப்பதான் அடுத்து வரவன் அங்க குழி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்குவான். பழசு அப்படியே இருக்கட்டும். பின்னாடி எழுதுங்க."

அப்படித்தான் 'பின்னர் யோசித்தவை' என்று பதினான்கு பக்கங்கள் சேர்ந்தன. இருபத்துமூன்று திருத்தங்கள். எண் போட்டது என் யோசனை. அவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. தலைப்பை மட்டுமாவது மாற்றலாமே என்றேன். அதற்கும் சம்மதிக்கவில்லை. உள்பக்கத்தில் ஒரு வரி போடச் சொன்னார்: 'தலைப்பு தவறு, உள்ளே பார்க்கவும்.'

அவர் போன பிறகு வாசிக்கும்போது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு திருத்தத்திலும் அவர் குரல் கேட்டது.

'பக்கம் 31. செருப்பு சரியில்லை என்று எழுதியிருந்தேன். செருப்பு நன்றாகவே இருந்தது. இப்போதும் இருக்கிறது.'

'பக்கம் 38. வெயில் அதிகம் என்று எழுதியிருந்தேன். வெயில் முதலாவதாக வந்தவருக்கும் அடித்தது.'

'பக்கம் 44. நடுவர் என்மேல் கோபமாக இருந்தார் என்று எழுதியிருந்தேன். அவருக்கு என்னை யாரென்றே தெரியாது.'

'பக்கம் 50. புரோட்டா காரணமல்ல. கடைக்காரர் படித்தால் மன்னிக்கவும்.'

ஆறு வருடத்துக்கு முன் அச்சான முதல் பதிப்பை மட்டும் வாசித்தால் அவர் ஊர் ஊராக அநியாயத்தால் தோற்றவர் போல இருக்கும். இரண்டையும் சேர்த்து வாசித்தால் அவர் தோற்றவராகவே தெரியவில்லை. ஒரே சீராக நடந்த ஒரு மனிதர் தெரிகிறார். மகனுக்கு இதைப் போனில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

திருத்தம் பத்தொன்பதில் நின்றேன். தட்டச்சு செய்த நாளிலேயே நான் நின்ற இடம் அது.

'பக்கம் 22. ஐந்தாம் கல்லை நம்பினேன். அதை நட்டவனே நான்தான் என்பதை மறந்திருந்தேன். பழைய கல்லை லாரி மோதி உடைத்துவிட்டது. புதுக் கல்லைக் கொண்டுவந்த டிராக்டர் புளியமரத்து நிழலில் உருட்டிவிட்டுப் போய்விட்டது. அதைப் பாலம் வரைக்கும் நகர்த்த நாலு ஆள் வேண்டும். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். எனக்குப் பசி. இறக்கிய இடத்திலேயே நட்டுவிட்டேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.'

சாலையில் வேலை செய்கிறவரைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு தவறு வாய்க்காது. தானே நட்ட கல்லைத் தானே நம்பி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

அதைச் சொன்ன அன்று நான் கேட்டேன். "ஐயா, அந்தக் கல்லு என்ன எடை இருக்கும்? ஒரு ஆளா எப்படி நிமித்துனீங்க?"

"கடப்பாற இருந்துச்சு."

"கடப்பாறையால நெம்பலாம். நெம்புனா அந்தப் பக்கம் சாஞ்சிடுமே. யாராவது புடிக்கணும்ல?"

"அடுத்த பக்கத்துக்குப் போங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார். பஸ் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று இருக்கிறது.

இட்லி எண்ணிக்கைக்காக ஆறு மணிக்குப் போன் செய்கிறவர் இதைப் பற்றி ஒருபோதும் போன் செய்யவில்லை. 'இதில் வேறு யாருக்கும் பங்கில்லை' என்ற வரிதான் எனக்கு உறுத்தியது. பங்கு உண்டா என்று யாரும் கேட்கவே இல்லையே.

பன்னிரண்டாம் நாள் நான் அரியலூருக்குப் போனேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டேன்.

அவருடைய மனைவி மின்விசிறிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். முட்டி வலி. மகன் எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார். நாற்பது வயது, அப்பாவின் நெற்றி, அப்பாவின் கால் நீளம். நடக்கும்போது மட்டும் எல்லோரையும் போல நடப்பார்.

"மெயில்ல போட்டிருந்தாலே போதுமேங்க. இதுக்காக பஸ் ஏறி வந்திருக்கீங்க."

"அந்தப் பதினாலு பக்கத்த பத்திப் பேசணும்ணே."

"அதுல என்னங்க பேச இருக்கு?" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கப்பா இருபத்தஞ்சு நிமிசத்துக்குள்ள நடந்தவருன்னுதான் ஊருக்குத் தெரியும். பதினாறாம் நாளு அவரு கூட நடந்தவங்க, வேல பாத்தவங்க எல்லாரும் வருவாங்க. அன்னிக்கிதானா அவரு நடக்கலன்னு நோட்டீசு குடுக்கணும்? அவரு இருந்தவரைக்கும் அவரு இஷ்டம். தன்னைத்தானே கொறச்சுக்கிட்டு இருந்தாரு. இப்ப அவர கொறச்சுச் சொல்ல எனக்கு மனசு வரலைங்க."

அவர் சொன்னதில் தவறில்லை. புத்தகம் இப்போது அவர்களுடையது. மகன் கேட்டால் நான் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுத்தால், ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறி வந்து பெரியவர் செய்த வேலை இல்லாமல் போய்விடும். ஊர் கையில் நிரந்தரமாகத் தவறான எண் இருக்கும். இருபத்துமூன்று திருத்தங்களையும் எடுத்துச் சொல்ல இனி அவருக்குப் போன் இல்லை.

"அம்மா இத படிச்சிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. கல்லப் பத்தி என்னமோ எழுதியிருக்காருன்னு மட்டும் தெரியும். வேணாங்க, வருத்தப்படும்."

"என்னடா கிசுகிசுக்கிறீங்க?" நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "காது நல்லாத்தான் கேக்குது. முட்டிதான் போச்சு. பாப்பா, எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். நீ படி. அவரு உங்கிட்ட வந்து வந்து என்னத்த சொன்னாருன்னு நானும் கேக்குறேன்."

மகன் என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

முதல் திருத்தத்திலிருந்து படித்தேன். செருப்பு வந்தபோது, "நல்ல செருப்புதான். நான் வாங்கியாந்தது. அதப் போயி குத்தம் சொல்லிப் புஸ்தகத்துல எழுதுனாருன்னு ரெண்டு நாளு அவருகூடப் பேசல" என்றார். புரோட்டாவுக்குச் சிரித்தார். சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நிறுத்தினேன். "படி படி" என்றார்.

பத்தொன்பது வந்தது. மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரே குரலில் முழுவதையும் படித்து முடித்தேன்.

"கடைசி வரிய இன்னொருக்க சொல்லு."

"இதில் வேறு யாருக்கும் பங்கில்லை."

"பொய்யி" என்றார்.

மகன் திரும்பினார். "என்னம்மா?"

"பொய்யின்னேன். கயிறு புடிச்சது யாரு? நாந்தான் புடிச்சேன்." அவர் காலை நாற்காலியிலிருந்து இறக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சோத்துத் தூக்க எடுத்துக்கிட்டு அம்மாந்தூரம் நடந்து போறேன். உச்சி வெயிலு. இவரு தனியா அந்தக் கல்ல பாலத்துக்கு உருட்டுறேன்னு கடப்பாறையப் போட்டு நெம்பிக்கிட்டு நிக்கிறாரு. ஒரு சாண் நவுருது, நிக்கிது. ஒரு சாண் நவுருது, நிக்கிது. யோவ், வந்து சோறு தின்னுய்யான்னா, இத முடிச்சுட்டு வரேங்கிறாரு. அவரு தின்னாமா நான் எப்படித் திங்கிறது? எனக்கு மயக்கமா வருது. இந்த மரத்தடியிலயே நட்டா அந்தக் கல்லு என்ன கோவிச்சுக்கப் போவுதா, நடுய்யான்னு சத்தம் போட்டேன். குழி பறிச்சாரு. அவரு நெம்புனாரு, நான் அந்தப் பக்கம் நின்னு கயித்த இழுத்துப் புடிச்சேன். சாப்புடப் போனவனுங்க வந்து பாத்துட்டு, வேல மிச்சம்னு பீடியப் பத்த வெச்சானுங்க."

"அப்ப பசின்னு எழுதியிருக்காரே..."

"பசி அவருக்கில்லடா. எனக்கு. வவுத்துல நீ இருந்த. அஞ்சு மாசம்."

மகன் மெதுவாகக் காலியான நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மா," என்று நான் கேட்டேன், "அப்ப அந்தக் கல்லு முன்னாடி நிக்கிதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நாந்தான தேங்காயும் சந்தனமும் எடுத்துக்கிட்டுக் கூடப் போவேன்?"

அது உண்மை. கடப்பாறைக்கும் மண்வெட்டிக்கும் வீட்டில் பொட்டு வைத்த பிறகு இருவரும் ஐந்தாம் கல்லுக்குப் போய்ச் சந்தனம் பூசி மாலை போடுவார்கள். சாலைப் பணியாளர்கள் கல்லுக்குப் பூஜை செய்வது வழக்கம்தான். ஒரு வருடம் கல்லங்குறிச்சிப் பெருமாளைப் பார்க்க வேனில் வந்தவர்கள் மாலையைப் பார்த்து இறங்கி, கல்லை மூன்று சுற்றுச் சுற்றிக் கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனதாக அவர் எழுதியிருக்கிறார். அதற்கும் திருத்தம் உண்டு: இரண்டு சுற்று.

"இருபத்தஞ்சுக்குள்ள வந்துட்டேன்னு அன்னிக்கி ஓடி வந்தாரு பாரு, வூட்டுக்குள்ள, வேர்த்து ஊத்திக்கிட்டு! எனக்கு ஒடனே கல்லு ஞாபகந்தான் வந்துச்சு. அவருக்கு வல்ல. மறந்துட்டாரு. அவ்ளோ சந்தோசமா நிக்கிற மனுசன்கிட்ட, யோவ் கல்லு முன்னாடி நிக்கிதுய்யான்னா சொல்றது? வாயத் தொறக்கல. நீ மிஷினக் கொண்டாந்து அளந்துட்ட." என்னைப் பார்த்து ஒரு தினுசாகச் சிரித்தார். "அளந்துட்டு வந்த அன்னிக்கி அவரு எம் மூஞ்சியப் பாத்தாரு. நான் அவரு மூஞ்சியப் பாத்தேன். ஒண்ணும் கேக்கல. கேட்டா நான் ஆமாம்னு சொல்லணும்ல. அதான் இப்படி எழுதி வெச்சிட்டுப் போயிட்டாரு."

நான் திருத்தம் பத்தொன்பதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வாக்கியங்களில் ஒன்று பாதி பொய், ஒன்று முழுப் பொய். இட்லிக்குக்கூட விட்டுக்கொடுக்காதவர். கடப்பாறை, கயிறு, எடை என்று நான் கேட்ட கேள்விகள் எல்லாம் சரி. அவற்றுக்கான பதில் என் பாடப் புத்தகத்தில் இல்லை.

"அம்மா, இப்ப என்ன பண்ணலாம்?" மகன்தான் கேட்டார். "அச்சாபீசுல நாளைக்கிக் குடுக்கணும்."

"என்னத்தப் பண்றது? முழுசாப் போடு. அவரு மெனக்கெட்டு எழுதுனத எடுக்க நீ யாரு?" பிறகு என் பக்கம் திரும்பினார். "எத்தன வரைக்கும் நம்பரு போட்டிருக்க பாப்பா?"

"இருபத்துமூணு."

"இருபத்துநாலு போடு. நான் சொல்றத எழுது."

"எழுத்து நடையிலயா, நீங்க சொல்றபடியேவா?"

"நான் சொல்றபடி. இல்லன்னா அவரு சொன்னதுன்னு நெனச்சுக்குவாங்க."

நான் தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, சரியா என்று திரும்பப் படித்துக் காட்டச் சொன்னார். ஒரு வார்த்தையை மூன்று முறை மாற்றினார். அந்தப் பழக்கம் எங்கிருந்து எந்தப் பக்கம் போனது என்று எனக்கு அப்போது சந்தேகம் வந்தது.

மகன் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலருகே போய் நின்று, "அப்ப எம்பேரும் அதுல வரணுமேம்மா. பசிச்சது எனக்குத்தான்" என்றார்.

"ஓங் கணக்கு தனியா எழுதிக்கடா" என்றார் அவர்.

இப்போதைய நிலவரம் இது. புத்தகம் பதினாறாம் நாள் முந்நூறு பிரதிகள் அச்சாகி வந்தது. வீட்டில் நான்கு மிச்சம். தலைப்பை மாற்றவில்லை, உள்பக்கத்து வரியும் அப்படியே இருக்கிறது. புதுச் சாலையில் புது ஐந்தாம் கல் பாலத்துக்கு அருகே, சரியான இடத்தில் நிற்கிறது; நானே அளந்தேன். பழைய கல்லைப் பெயர்த்து அதே புளியமரத்தடியில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். போன ஆயுத பூஜைக்கு மகன் அம்மாவை வண்டியில் உட்காரவைத்து அழைத்துப் போனார். சந்தனம் பழைய கல்லுக்குத்தான். ஐந்து கிலோமீட்டருக்கு அவருடைய நேரம் இருபத்தைந்து நிமிடம் நான்கு விநாடி. கல்லை நட்டவர்கள் இரண்டு பேர்.